கன்னம் பெருத்த பூனை

போன வருசம் பங்குனி மாசம். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் மிளகாய் வத்தல் மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். தெருவே தும்மிக்கொண்டிருக்கும். அப்போது நடந்ததுதான் இது.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டியே காலம் போய்விட்டது. யாராவது கேட்டால் பதில் சொல்வேனே தவிர, நானாகப் பேச்சைத் தொடங்கிப் பழக்கமில்லை. இடது கண்ணில் புரை எடுத்த பிறகு, இனி வேலைக்குப் போக வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் திருப்பூரில் இருக்கிறாள். பொழுது போகட்டும் என்று தன்னுடைய பழைய செல்போனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தப் போனில்தான் ஒரு பெண்பிள்ளை நாய், பூனை முகமெல்லாம் வரையச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். முதலில் ஒரு வட்டம். மேலிருந்து கீழே நடுவில் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. குறுக்குக் கோட்டின் மேல் இரண்டு கண். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு இருக்கிறதோ, அந்தப் பக்கமும் அவ்வளவு வர வேண்டும். இது நமக்கும் வரும் போலிருக்கிறதே என்று ஆசை வந்துவிட்டது. பழைய மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் வரைந்து பார்த்தேன். முதல் பூனை ஆந்தை மாதிரி வந்தது. அடுத்தது கோபக்கார ஆந்தை. கண்ணுக்குள் துளி வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னது. அதன்படி செய்தேன். அன்றைக்குத்தான் நான் வரைந்த பூனை என்னைத் திரும்பிப் பார்த்தது.

அது எதிர்த்தாற்போல் இருக்கும் பலசரக்குக் கடைப் பூனை. கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சாம்பல் நிறத்தில், புசுபுசுவென்று முடியோடு, மத்தியானம் பூராவும் உளுந்து மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும். நான் என் வாசலில் இருந்தபடியே பார்த்து வரைவேன். ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பாயின் சம்சாரம் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டார்.

“அக்கா, இது எங்க பூனைல்லா! அதே முழி!” என்று கையைத் தட்டினார். “எம் மக பிரசவத்துக்கு வாரா. இத குட்டியிலேருந்து பால் குடுத்து வளத்தவளே அவதான். பெருசா ஒண்ணு வரைஞ்சு குடுங்கக்கா, சட்டம் போட்டு அவ ரூம்புல மாட்டுதேன்.”

எனக்கு முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தினமும் மத்தியானம் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகவே வந்தது. அப்புறம்தான் தொல்லை. படத்தில் என் இடது கைப்பக்கம் வரும் பூனையின் கன்னம் பெரிதாகப் பெரிதாக வந்தது. அழித்துவிட்டுப் போட்டாலும் அப்படித்தான். தாள் நைந்து போனதும் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அதில் இன்னும் பெரிதாக வந்தது.

ஆபரேஷன் செய்ததும் இடது கண்தானே. அதில்தான் கோளாறு, பார்வை கோணிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். மகளிடம் சொல்லப் பயம். முன்னமே வேலையை விட்டுவிட்டு வந்து என்னோடு கிடந்தவள், மறுபடியும் ஆஸ்பத்திரி என்றால் என்ன செய்வாள்? வலது கண்ணிலும் ஏற்கெனவே புகை மூட்டம்தான். இந்த இடது கண்ணும் போனால் நான் எப்படித் தனியாக அடுப்பு மூட்டுவேன்? சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் பித்தளைக் குடத்தை எதிரில் வைத்து வரைந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வந்தது. நம்ப முடியாமல், தெருவில் படுத்துக் கிடந்த நாயை வரைந்தேன். அதுவும் சரியாக வந்தது. அப்பாடா, கண் பிழைத்தது என்று சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த கையோடு இன்னொன்று உறைத்தது. கண்ணும் சரி, கையும் சரி என்றால், கோணல் பூனையிடமல்லவா இருக்க வேண்டும்?

உடனே கடைக்குப் போனேன். “என்ன வேணும் ஆச்சி?” என்றார் பாய். ஆள்கள் நின்றிருந்தார்கள். பெருங்காயம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடி போய் சேமியாவோடு திரும்பினேன். கடைசியில், வாயால் முடியாது என்று அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு போய், முதலில் வரைந்ததிலிருந்து வரிசையாக அவர் முன்னால் பரப்பினேன்.

பாய் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “என்ன ஆச்சி, எங்க பூனைக்கு வெத்தல போடப் பழக்கி விட்டுட்டீங்களா? நாளுக்கு நாள்லா அதக்கிக்கிட்டே போவுது!”

நின்றவர்களும் சிரித்தார்கள். வேறு நாளாயிருந்தால் தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். எங்கிருந்துதான் குரல் வந்ததோ, “சிரிக்காதீங்க பாய். நான் தப்பா வரையல. பூனையத் தொட்டுப் பாருங்க” என்றேன்.

“அது வெயிலுக்குச் சொணங்கிக் கெடக்கு ஆச்சி. ரெண்டு நாளா மீனையும் மோந்துட்டுப் போயிருது” என்றார் அவர்.

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்து பூனையின் முடிக்குள் கையை விட்டார். பூனை சீறிக்கொண்டு அறைந்தது. அவர் முகம் மாறிவிட்டது. “ஏங்க, உள்ள கல்லு மாதிரி இருக்கு. நெருப்பாக் கொதிக்குது!”

துணிக்கடைக் கட்டைப்பையில் பூனையைப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஆடுகளை ஓட்டி வந்து நின்ற கீதாரி ஒருத்தர், “பூனைக்குமா ஆசுத்திரி?” என்று கேட்டார்.

“இது எங்க மூத்த மக அண்ணாச்சி” என்றார் பாய். சொல்லிக்கொண்டே பூனையின் தலையைத் தடவினார். அதுவரை தைரியமாக இருந்த எனக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் அந்த வீக்கத்தை ரப்பர் வைத்து அழித்துக்கொண்டல்லவா இருந்தேன்.

டாக்டரம்மா கன்னத்து முடியைச் சிரைத்துவிட்டு மெதுவாகக் கீறினார். சீழ் கொட்டியது. பின்னாலேயே ஒரு கருவேலமுள். விறகு அடுக்குக்குள் ஓணானை விரட்டிப் போன இடத்தில் குத்தியிருக்கும் என்று பாயின் சம்சாரம் சொன்னார்.

“முடி மறைச்சிருக்கு, வெளிய தெரியாது. விட்டிருந்தா உசுருக்கே வந்திருக்கும். இனிமே பயமில்ல” என்றார் டாக்டரம்மா. “யாரு கண்டுபிடிச்சது?”

“இந்த ஆச்சி படம் வரைஞ்சுல்லா காட்டுனாவ. நாந்தான் கூறுகெட்டுப் போயிச் சிரிச்சேன்” என்றார் பாய். நான் தரையைப் பார்த்தேன். “பயமில்ல” என்ற அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாய் டீ வாங்கி வந்தார். அன்றைக்குக் குடித்த டீ தொண்டைக்குள் இறங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாயின் மகள் வந்து இறங்கிய அன்று பூனை பழையபடி மூட்டை மேல் இருந்தது, ஒரு கன்னம் மட்டும் மொட்டையாக. அந்தப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பெரியம்மா, இப்படியே வரைங்க, எனக்கு இதுதான் வேணும்” என்றாள். அப்படியே வரைந்து கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத படம்தான் இப்போது அவள் அறையில் தொங்குகிறது.

எங்கே எது கோணினாலும் தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தே இத்தனை வயது வரை வந்துவிட்டேன். இப்போதும் பென்சில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனால் நெஞ்சு திக்கென்றுதான் ஆகிறது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி, எதிரில் உட்கார்ந்திருக்கும் அந்த வாயில்லா ஜீவனை இன்னொரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.