ஹிஸாமின் வெறுந்தோள்

எங்கள் மலைப்பக்கத்தில் ஆண்பிள்ளை வீட்டைவிட்டு இறங்கினால் இடுப்பில் வளைகத்தி இருக்கும், தோளில் துப்பாக்கி இருக்கும். சந்தைக்குப் போனாலும் அப்படித்தான், சாவுக்குப் போனாலும் அப்படித்தான். முஸ்இத் மகன் ஹிஸாம் மட்டும் பிற்காலம் முழுக்க வெறுந்தோளோடு நடந்தார். வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளூரில் ஒருவரும் சிரித்ததில்லை.

ஹிஸாமைப் பெற்ற வர்தா பிரசவத்திலேயே போய்விட்டாள். பக்கத்து மேட்டில் இருந்த ஜும்ஆ மறுநாள் முக்பிலைப் பெற்றாள். ஒரு பக்கம் தன் மகனையும் மறு பக்கம் இந்தத் தாயில்லாப் பிள்ளையையும் போட்டு வளர்த்தாள். ஆக ஹிஸாமும் முக்பிலும் ஒரே பால் குடித்த அண்ணன் தம்பி. எங்களுக்கு அது ரத்தத்துக்குக் குறைந்த உறவு இல்லை. இருவரும் ஒன்றாகவே ஆடு மேய்த்தார்கள். ஹிஸாமின் அப்பா ஒட்டகத்தைக் கொடுத்து வாங்கிய ஜெர்மன் துப்பாக்கியில்தான் இருவரும் குறிபார்க்கப் பழகினார்கள். ஒருமுறை பாறையில் விழுந்து அதன் மரப் பின்கட்டை விரிசல் விட்டபோது, முஸ்இத்தின் அடிக்குப் பயந்து, முக்பில்தான் பித்தளைக் கம்பி சுற்றி இறுக்கிக் கொடுத்தார். அப்பாவுக்குப் பிறகு அந்தத் துப்பாக்கி ஹிஸாமின் தோளுக்கு வந்தது.

ஹிஸாமுக்கு நூரிய்யா என்று ஒரே மகள். முக்பிலுக்கும் ஹமாமாவுக்கும் திர்ஹம் என்று ஒரே மகன். நூரிய்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஹிஸாம் சந்தைக்குப் போய், துப்பாக்கிக் கடை வைத்திருந்த நொண்டி காயிதிடம் தோட்டா வாங்கினார். காயித் பழைய துப்பாக்கியை வாங்கி, தாழை இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இது துப்பாக்கி இல்ல, கெழட்டுக் கழுத. எப்ப ஒதைக்கும்னு அதுக்கே தெரியாது."

"என் பொண்டாட்டி என்னையும் அப்படித்தான் சொல்றா. அதுக்காக என்னைய வித்துட்டாளா?"

"வாங்க ஆள் கெடைக்கல போல" என்றான் காயித். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் தொடர்ந்தான். "வெளையாட்டில்ல. உள்ள கொக்கி தேஞ்சு கெடக்கு. தோட்டாவோட தரையில தட்டினா தானா வெடிச்சிரும். கல்யாண வீடு, கூட்டம் வரும். இந்தா, எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத புதுசு. பழச எடுத்துக்கிட்டுத் தர்றேன்."

ஹிஸாம் புதியதைத் தோளில் மாட்டிப் பார்த்தார். அடுத்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்தது போல இருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டார். "எங்கப்பன் தோள்ல கெடந்தது. எம் மக கல்யாணத்துல அது பேசாம வேற எது பேசும்?"

"சரி, கொக்கியையாவது மாத்திட்டுப் போங்க. அரை நாள் வேல."

"வேல தலைக்கு மேல கெடக்கு. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

மாப்பிள்ளை வீட்டார் மலை ஏறி வருவது தெரிந்ததும் ஹிஸாம் வாசலில் நின்று வரவேற்பு வேட்டு வைத்தார். இரண்டு வெடித்து, மூன்றாவது தோட்டாவை ஏற்றிய நேரத்தில் திர்ஹம் ஓடி வந்தான். "பெரியப்பா, எனக்கும் ஒண்ணு வுடுங்க, வானத்துல பொத்தல் போடறேன்" என்று சிரித்துக்கொண்டே, எங்கள் பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் செய்வது போல, முழங்காலை முத்தமிடக் குனிந்தான். அவனைத் தூக்கிக் கட்டிக்கொள்ள ஹிஸாமுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. துப்பாக்கியைப் படிக்கல்லில் ஊன்றினார். கல்லில் கட்டை தட்டிய சத்தத்தை அவர் கேட்கவே இல்லை. வெடியைத்தான் கேட்டார்.

நூரிய்யா மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல், முகத்தை மூடிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போனாள்.

தவறிச் சுட்டாலும் எங்களிடம் ரத்தம் ரத்தம்தான். சுட்டவன் குடும்பம் இறந்தவன் தகப்பன் முன்னால் போய்த் துப்பாக்கிகளைத் தரையில் வைக்க வேண்டும். 'எங்கள் மானம் உன் காலடியில், நீ சொல்வதே தீர்ப்பு' என்று அதற்கு அர்த்தம். அவன் வாங்கிக்கொண்டால் பேச்சுக்கு இடம் உண்டு. பிறகு திருப்பி அனுப்பினால் மன்னித்ததாகும். முதலிலேயே வாங்க மறுத்தால் ரத்தம் திறந்தே கிடக்கும். யார் எப்போது யாரைச் சுடுவார் என்று சொல்ல முடியாது. ஹிஸாமுக்கு உயிர்ப்பயம் இல்லை. முக்பில் தன் கையால் எதையாவது வாங்குவாரா, தம்பி என்ற சொல் இனி உண்டா இல்லையா, அது ஒன்றுதான் அவரைத் தின்றது.

ஊர்ப் பெரியவர் ஷேக் ஹாதி நாள் குறித்தார். முந்தின வாரம் ஹிஸாமின் மனைவி தகிய்யா, சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் காட்டிக் கேட்டாள்.

"அதயா தூக்கிட்டுப் போகப் போறீங்க? ஹமாமா வாசல்ல நிப்பா. புள்ளைய முழுங்குனத அவ கண்ணு முன்னால கொண்டுபோய் வைக்க ஒங்களுக்கு எப்படி மனசு வரும்?"

"எனக்கு மட்டும் அதத் தொட முடியுதா?" என்றார் ஹிஸாம்.

அடுத்த சந்தையில் அந்தப் பழையதைக் காயிதிடம் போட்டு, வாயில் மெல்லும் காத் இலைத் தோட்டத்தில் நல்ல வரிசையை விற்று, காகிதம் பிரிக்காத புதியதை வாங்கி வந்தார். மரியாதையாகத்தான் நினைத்தார். இருப்பதில் விலை கூடியதைத் தம்பி காலடியில் வைக்கிறோம் என்றுதான் நினைத்தார். குறித்த நாளில் போகும் வழியில் ஷேக் அதைப் பார்த்தார். "புதுசா?" என்று கேட்டார். "அதத் தூக்க முடியல, ஷேக்" என்றார் ஹிஸாம். ஷேக் தாடியைத் தடவிக்கொண்டு நடந்தார். அப்போதே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

முக்பில் வீட்டு வாசலில் துப்பாக்கிகளை வரிசையாக வைத்தார்கள். சமாதானத்துக்கு அறுக்கும் காளையைப் பிடித்து நின்றார்கள். முக்பில் வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். "இது ஒன் சித்தப்பன் மகனோடது. வெட்டுக்கிளி வந்த வருசம் எங்க வயல்ல காவல் இருந்துச்சு. இது ஒன் மாமனோடது, எங்கப்பன் சாவுக்கு வந்துச்சு." கடைசியில் புதியதன்மேல் விரலைத் தேய்த்து முகர்ந்தார். விரலில் மசகு ஒட்டியிருந்தது.

"இது யாரோடது?"

"என்னோடது."

"எப்பலேர்ந்து?"

"போன சந்தையிலேர்ந்து."

"இதத் தோள்ல போட்டுக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போன? எந்தச் சாவுக்குப் போன? ஒன் மானத்த வையின்னா கடைச் சரக்கக் கொண்டாந்து வைக்கிற. இதுல நீ எங்கடா இருக்க?" முக்பிலின் குரல் உயரவே இல்லை. "எல்லாத்தையும் எடுங்க. ஷேக், காளைய அறுக்காதீங்க."

"அடுத்த சந்தை வரைக்கும் பொறு முக்பில். அதுவரைக்கும் அவன் உசுரு என் பொறுப்பு" என்றார் ஷேக். முக்பில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அப்போதுதான் ஹமாமாவின் அழுகை வெளியே கேட்டது.

மறுநாள் ஹிஸாம் காயித் கடைக்கு ஓடினார். நல்லவேளை, பழையது விற்கவில்லை. பாயின்மேல் பளபளப்பாகக் கிடந்தது. கையில் கொண்டுவந்த புதியதை அதன் பக்கத்தில் போட்டார்.

"இத வச்சுக்க. அதக் குடு."

காயித் பெருமையாக எடுத்து நீட்டினான். "அண்ணே, இப்ப இது கழுத இல்ல, குதிர. கொக்கிய மாத்திட்டேன். பாறைமேல போட்டாலும் வெடிக்காது. உக்காந்தேன், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருச்சு..." பேச்சு பாதியில் நின்றது. ஹிஸாமின் முகத்தைப் பார்த்ததும் சந்தையில் காதில் விழுந்த செய்தி யாருடையது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புதியதை வாங்கி ஓரமாக வைத்தான். கணக்கும் கேட்கவில்லை.

ஹிஸாம் ஷேக்கைக் கூப்பிடவில்லை, உறவைக் கூப்பிடவில்லை. துப்பாக்கி வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக மேடு ஏறினார். ஹமாமாதான் கதவைத் திறந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். விழுந்துவிடுவாள் என்றுதான் அவர் பயந்தார். அவள் விழவில்லை. "வந்துருச்சு" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள்.

முக்பில் வெளியே வந்து இரண்டு கையாலும் அதை வாங்கினார். தான் சுற்றிய பித்தளைக் கம்பியின்மேல் கட்டைவிரலை ஓட்டினார். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, தாழை ஏற்றி, வாசல் கல்லில் கட்டையை ஓங்கித் தட்டினார். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். உள்ளே தோட்டாவை அடிக்கும் ஊசி விழும் சத்தம் வரவில்லை.

"சரி பண்ணியாச்சா?"

"ம்."

"எப்ப?"

"இப்ப. கடைக்காரன் பண்ணியிருக்கான்."

"எவ்வளவு நேர வேல?"

ஹிஸாம் தலையைத் தூக்கவில்லை. பொய் சொல்லவும் தெரியவில்லை. "அரை நாள்" என்றார். "கல்யாணத்துக்கு முந்தியே சொன்னான். நான்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

துப்பாக்கி முக்பிலின் கையில்தான் இருந்தது. அந்தக் கட்டையாலேயே மண்டையில் போட்டிருந்தாலும் ஹிஸாம் விலகியிருக்க மாட்டார். ஆனால் முக்பில், "அரை நாளு" என்று மட்டும் சொன்னார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வது போல. "போ. இது இங்க இருக்கட்டும்."

காலடியில் வைத்த மானத்தின் அடகு ஏற்கப்பட்டது. காளையையும் மற்றத் துப்பாக்கிகளையும் ஷேக் முறைப்படி கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சோளம் அறுக்கும் காலத்தில் ஷேக் திரும்பி வந்தார். அவர் பின்னால் வந்த கழுதைமேல் எல்லாத் துப்பாக்கிகளும் இருந்தன. "முக்பில் ரத்தத்த விட்டுட்டான். ஈட்டுப் பணங்கூட வேணாம்னுட்டான்" என்றார். தகிய்யா அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். ஹிஸாம் தன்னுடையதை எடுத்துப் பார்த்தார். பல வருஷமாகத் தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த பித்தளைக் கம்பியை யாரோ புதிதாகச் சுற்றி, முனையை உள்ளே மடித்து இறுக்கியிருந்தார்கள். சின்ன வயதில் மடித்த அதே மாதிரி மடிப்பு.

தோளில் போடத் தூக்கினார். தோள்வரை போனது. அதற்கு மேல் கை எழும்பவில்லை. ஆணியில் மாட்டிவிட்டார். வேறொன்று வாங்கச் சொன்னவர்களிடம், "இருக்கே" என்பார். "அப்ப அதப் போட்டுட்டு வாங்க" என்றால் பேச்சை மாற்றுவார். மாப்பிள்ளை தன்னுடையதையே கொடுத்துப் பார்த்தார். "வெயிட்டா இருக்கும்பா" என்று சிரித்துத் தட்டிவிட்டார்.

முக்பில் மன்னித்தாரே தவிர, ஹிஸாம் வீட்டில் மறுபடி கை நனைக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் ஸலாம் உண்டு, பதில் ஸலாம் உண்டு. அதற்கு மேல் கிடையாது. பெருநாளில் மட்டும் ஹமாமா யார் மூலமாவது ஒரு சட்டி தேன் ரொட்டி அனுப்புவாள். ஹிஸாம் அதைத் தொடமாட்டார், வேறு யாரையும் தொடவும் விடமாட்டார். ஆறிப் போகும்வரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஹிஸாம் இறந்தபோது ஜனாஸாவைத் தூக்க உறவுக்காரர்கள் முண்டியடித்தார்கள். மேட்டிலிருந்து முக்பில் இறங்கி வந்தார். கூட்டம் விலகியது. தன் துப்பாக்கியைக் கழற்றி வாசல் படிக்கல்லில், அந்தப் படிக்கல்லில்தான், மெதுவாகப் படுக்க வைத்தார். காலியான தோளை சவக்கட்டிலின் முன்கொம்புக்குக் கொடுத்தார்.

"மாத்திக்கலாம் மாமா, ஏத்தமா இருக்கு" என்று வழியில் மாப்பிள்ளை கேட்டார்.

"நீ பின்னால புடி" என்றார் முக்பில். அடக்கஸ்தலம் வரை அவர் தோளை மாற்றவே இல்லை.