பலயா மீன் வயிற்றில் என் பொம்மை

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்றைக் கப்பல் பெட்டியில் அனுப்புவதாகப் போனில் சொல்லியிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? றக்வான மலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். மாதங்கள் போயும் பெட்டி வரவில்லை. என் நச்சரிப்புத் தாங்காமல் அப்பா ஒருநாள், "பெட்டி கடல்ல விழுந்துருச்சு பாப்பா. மீனு ஏதாச்சும் முழுங்கியிருக்கும்," என்று சொல்லிவைத்தார். சொல்வதை யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா!

ஞாயிறுதோறும் மோட்டார்சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஒரு சிங்கள மீன்காரர் வருவார். அடுத்த ஞாயிறே அவர் முன்னால் போய்க் குந்திக்கொண்டு, வெட்டுகிற மீனின் வயிற்றையெல்லாம் கீறிக் காட்டச் சொன்னேன். அப்பா அவரைத் தள்ளிக் கூட்டிப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். மனிதர் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்துக்கொண்டு கீறினார்.

அடேயப்பா, ஒரு மீன் தின்கிற தீனி! கடையில் கருவாடாக மட்டுமே பார்த்திருந்த நெத்தலியை முழுசாக, மினுமினுப்போடு நான் பார்த்தது ஒரு பலயா மீனின் வயிற்றில்தான். சின்னக் கணவாய் இருக்கும், கால் போன இறால் இருக்கும், பாதி கரைந்து கூழாகிப்போன எதுவோ இருக்கும். ஒரு தடவை குட்டிப் பலயாவே இருந்தது. சொந்தக் குட்டியையே தின்கிற கழுதை பொம்மையை விட்டுவைக்குமா என்று எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. "மேகே நே துவே," என்பார் மீன்காரர். இதில் இல்லை மகளே என்று அர்த்தம். மற்ற இடங்களில் சுத்தம் செய்தே விற்கிறவர், எங்கள் லயத்துக்கென்று மட்டும் வயிறு கீறாத மீன்களை ஒதுக்கி வைத்திருப்பார்.

ஒரு சாயங்காலம் சொல்லாமல்கொள்ளாமல் அம்மா வந்து நின்றாள். மெலிந்து கறுத்திருந்தாள். போகும்போது கொண்டுபோன அதே பைதான் கையில். அந்த வீட்டார் சம்பளமே கொடுக்காததும், பெட்டி என்று ஒன்று கிளம்பவே இல்லாததும் அப்போது எனக்குத் தெரியாது.

"பாப்பா, பொம்மை..." என்று இழுத்தாள்.

"மீனு முழுங்கிருச்சும்மா. அப்பா சொல்லிட்டாரு. நானும் மீன்கார ஐயாவும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தார். சட்டென்று அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். பாவம், பொம்மை போன துக்கம் என்று நினைத்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழுவாதம்மா. வெட்டிப் பாக்காத மீனு இன்னும் எவ்வளவோ இருக்கு."