ஒரு நொடி இருட்டு

கணினியை அணைக்கிறாள், போடுகிறாள், கடிகாரத்தைப் பார்க்கிறாள், துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றை ஜன்னல் திரைச்சீலையின் இடது ஓரத்திலிருந்து கழற்றி வலது ஓரத்தில் மாட்டுகிறாள். மறுபடி அணைக்கிறாள். தடவைக்கு ஒரு கிளிப் என்று கணக்கு; காலை பதினொரு மணிக்குள் இருபத்தாறு கிளிப் இடம் மாறியிருக்கும்.

கணினி கண்விழிக்க எடுக்கும் நேரத்தைக் குறைப்பது அவள் தொழில். வீட்டிலிருந்தே வேலை. எங்கள் மாடியில் அவளுக்கு ‘ஸ்டார்ட்டிங்’ என்று பெயர். எதிர்வீட்டுக்காரியான நான், டீத்தூள் தீர்ந்துவிட்டதென்று வாரம் மூன்று முறை போய் உட்காருவேன். என் டப்பா நிரம்பியே இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

முதல் வேலையில் அவளுக்கு வாய்த்த கணினி பீரோ அளவு. அதன் விசிறிக் காற்றில் அடுத்த தெருக்காரர்களின் துணி உலர்ந்ததாம். பாதி அவள் சொன்னது. மீதி என் கைச்சரக்கு. எழுந்திருக்க அதற்கு நாலு நிமிடம். கறுப்பில் வெள்ளை எழுத்து வரிவரியாக இறங்கும். “‘மெமரி பாத்தாச்சு, டிஸ்க் பாத்தாச்சு’ன்னு ஒவ்வொண்ணா சொல்லும்மா அது. இப்போ வர்ற சிஸ்டம் எல்லாத்தையும் ஒரு மலைப் படத்துக்குப் பின்னால ஒளிச்சு வைக்குது. திடீர்னு ஆள் வந்தா அழுக்குத் துணியக் கட்டிலுக்கடியில தள்ளுவோமே, அந்த மாதிரி.” அந்த நாலு நிமிடமும் மேகம் பார்த்துக்கொண்டு எங்கெங்கோ போய்வருவாளாம். சொல்லும்போதே பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

“நாலு நிமிஷத்த நாலு செகண்டாக்கினோம். மிச்சமான நேரத்துல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க, ஒருத்தருக்கும் பதில் தெரியாது.”

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் உள்ளேயிருந்து, “நான் தூங்கினேன்” என்பார்.

“நீங்க பேசாதீங்க. உங்களுக்கு இன்னும் லோடே ஆகல.”

ஒருநாள் குரலைத் தாழ்த்தி ரகசியம் ஒன்று சொன்னாள். அந்த நாலு நொடியில் ஒன்று எந்த வேலையும் செய்யாத நொடி. பதினேழு வருடத்துக்கு முன் அவளே திருட்டுத்தனமாக வைத்தது. படம் வருமுன் திரை வெறும் இருட்டாக நிற்கும். போட்டவரின் முகம் அதில் தெரியும். “வேலைக்குள்ள விழறதுக்கு முன்னால ஒருதரம் தன்னப் பாத்துக்கட்டுமேன்னு வச்சேன். ஒரு செகண்ட் கனா.” எத்தனையோ பேர் தினமும் அதில் முகம் பார்க்கிறார்கள். யார் மாட்டிய கண்ணாடி என்று ஒருவருக்கும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு நிஜமாகவே டீத்தூள் தீர்ந்திருந்தது. போனபோது ஒலிபெருக்கியில் ஒரு பெண் படபடத்துக்கொண்டிருந்தாள். இவள் குழுவில் சோதனை பார்ப்பவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

“அக்கா, மூணு செகண்டுக்குள்ள வரணுமாம். சாயங்காலம் பாப்பாங்களாம். வரலைன்னா குழுவையே மூடிடுவாங்க. நாலு பேருக்கும் வேலை போச்சு. எல்லா இடத்தையும் சுரண்டியாச்சுக்கா, இனி எங்க போய்க் குறைக்கறது?”

இவள் திரையையே பார்த்தாள்.

“முதல்ல நீ உக்காரு. எனக்கு ஒரு இடம் தெரியும்.”

நிரலில் பழைய வரி ஒன்றைத் தேடி எடுத்தாள். அழித்தாள். அந்தப் பக்கம் அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் ஒலிபெருக்கி கூவியது: “அக்கா! மூணு! சரியா மூணு! எங்கக்கா இருந்தது?”

“எங்கயோ தூசில கெடந்துச்சு. போய் ஏதாவது சாப்பிடு, போ.”

டீத்தூளை அளந்து கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வாழ்க்கையில் முதல் தடவை.

மறுநாள் போனேன். அணைத்தாள், போட்டாள். மலைப் படம் பளிச்சென்று வந்து நின்றது. அவள் உள்ளங்கையால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள். உதடு ‘ஒண்ணு’ என்று அசைந்தது. பிறகு கையை எடுத்து, கிளிப் ஒன்றை வலது ஓரத்தில் மாட்டினாள்.