ஹைட்ரேஞ்சியா பூக்காத வருடம்

கண்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு ஹைட்ரேஞ்சியாப் பூச்செடி இருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, நுவரெலியாவில் படிப்பித்துவிட்டு இடமாற்றம் கிடைத்து எங்களோடு வந்து தங்கியபோது கொண்டுவந்த செடி. அதற்குக் குளிர் வேண்டும். கண்டி வெயிலில் மத்தியானத்துக்குள் துவண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடும். சின்னம்மா பள்ளிக்குப் போகுமுன் பழைய சேலையொன்றைக் கட்டி அதற்கு நிழல் செய்வார். திரும்பி வந்ததும் உடுப்பு மாற்றாமலே தண்ணீர் ஊற்றுவார்.

செடியைத் தந்தவர் நுவரெலியாவில் அவரோடு படிப்பித்த ஒரு மாஸ்டர். ஒவ்வொரு சித்திரை விடுமுறையிலும் அது பூத்திருப்பதைப் பார்க்க பஸ் ஏறி வருவார். நீலப் பூக்குலைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நல்லா வந்திருக்குங்க டீச்சர்" என்பார். பிறகு விறாந்தையில் தேநீர், ஒரு துண்டு கேக், பின்னேர பஸ். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது எட்டு வயது. தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் வீடே துப்புரவாகிக்கொண்டிருந்தது. நானும் ஏதாவது செய்ய வேண்டுமென்று பார்த்தபோது, குளிரில் இலை கொட்டி வெறும் தடிகளாக நின்ற செடி கண்ணில் பட்டது. அப்பா வேலி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து, எல்லாத் தடிகளையும் ஒரு சாண் உயரத்தில் வெட்டி நிறுத்தினேன். மிகவும் திருத்தமாக இருந்தது. சின்னம்மாவை நானே கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அவர் ஏசவில்லை. குந்தியிருந்து, கீழே கிடந்த தடியொன்றை எடுத்து அதன் நுனியிலிருந்த தடித்த மொட்டைத் தடவினார்.

"பூ போன வருசத்துத் தடியிலதான் வாறது, பிள்ளை. நான் காய்ஞ்ச பூவை மட்டும்தான் நறுக்கிறனான். இனி இந்த வருசம் பூக்காது."

"அப்ப மாஸ்டர் வரமாட்டாரோ?" என்று கேட்டேன். அதில் கேக்கைப் பற்றிய கவலையும் கொஞ்சம் இருந்தது.

சின்னம்மா தடிகளைப் பொறுக்கத் தொடங்கினார். அப்போதுதான் நான் அழுதேன்.

பங்குனிக் கடைசியில் செடி தளதளவென்று நின்றது. அத்தனையும் இலை. சின்னம்மா போனில் பேசுவது கேட்டது. "இந்தமுறை ஒரு பூவும் இல்லை, மாஸ்டர். வீணா அலையாதேங்கோ." பேசி முடிந்த பின்னும் போனைக் கையில் வைத்தபடி நின்றார்.

விடுமுறையின் முதல் சனிக்கிழமை காலை வாசல் படலை திறந்தது. மாஸ்டர்! புதுச் சட்டை போட்டிருந்தார். நான் ஓடிப்போய், வேறு யாரும் சொல்லுமுன் சொல்லிவிட்டேன்: "பூ இல்லை. நான்தான் வெட்டிப்போட்டன்."

"அப்படியா பாப்பா? பரவாயில்ல" என்றார், செடிப்பக்கம் திரும்பாமலே.

விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தவருக்கு இரண்டாவது தேநீரும் போயிற்று. அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்தார். பின்னேர பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் எழும்பினார். வழக்கமாகப் படியோடு நின்றுவிடும் சின்னம்மா, அன்று படலைவரை கூடப் போனார்.

"பாவமம்மா மாஸ்டர். இவ்வளவு தூரம் வந்து ஒண்டையும் பாக்காமல் போறார்" என்று குசினியில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஓம் பிள்ளை, பாவந்தான்" என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின.

அந்த மாஸ்டர் அடுத்த சித்திரைக்குள் எனக்குச் சித்தப்பா ஆகிவிட்டார். அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? என்னால் அம்மாவும் அழுகிறார் என்று நினைத்து, இனிமேல் கத்தரிக்கோலைத் தொடவே மாட்டேன் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.