ஈரத்துணி சுற்றுகிறவள்

என் அண்ணி தண்ணீர் வைத்தியசாலையில் ஈரத்துணி சுற்றுகிறவள். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. குளிர்ந்த நீரில் நனைத்த விரிப்பைப் பிழிந்து நோயாளியைக் கழுத்துவரை சுற்றி, மேலே நான்கு கம்பளி போட்டு இறுக்குவாள். வேர்த்ததும் அவிழ்த்துத் தொட்டியில் இறக்குவாள். நாளுக்குப் பன்னிரண்டு தம்ளர் தண்ணீர் வேறு. மாத்திரை என்று அங்கே வாயைத் திறக்கக் கூடாது. அந்த வைத்தியசாலையை ஆரம்பித்த பெரியவர், டாக்டர்கள் கைவிட்ட தன் நோயைத் தண்ணீராலேயே போக்கிக்கொண்டாராம். அண்ணிக்கு அவர் சொன்னதுதான் வேதவாக்கு.

சில நாள் சுற்றினால் உடம்பில் சிவந்து கொப்புளம் கிளம்பும். உள்ளே இருக்கும் நோய் வெளியேறுகிறது என்பார்கள். யாருக்காவது கொப்புளம் கண்டால் கூடமே குதூகலப்படும். என்ன கூத்து பாருங்கள்!

அச்சகத்தில் வேலை பார்த்த என் அண்ணனுக்குக் காலில் தகடு கிழித்துவிட்டது. அண்ணி ஈரத்துணி கட்டினாள். மூன்றாம் நாள் காய்ச்சல் அனலாகக் கொதித்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்" என்று கத்தினேன்.

"சும்மா இரு. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

"சண்டை போடாதீங்க. இவ குடுத்த தண்ணிக்கு என் வயித்துல மீனே வளர்க்கலாம்" என்றான் அண்ணன். அவன் வாய் மட்டும் குறையவே இல்லை.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்தபோது, காயத்தைச் சுற்றிக் கொப்புளம். அங்கிருந்து தொடைவரை ஒரு சிவப்புக் கோடு. அண்ணி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். "பார்த்தியா, வெளிய வந்துடுச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் நம்பித் தொலைத்தேன். அடுத்த நாள் மதியம் நினைவு தப்பியதும் தூக்கிக்கொண்டு ஓடினோம்; ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் போய்விட்டான்.

"ரத்தத்துல விஷம் ஏறிடுச்சு. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினாறு நாள் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பாவி, வேறு என்ன தெரியும் அவளுக்கு? ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனேன். ஒரு பெண்ணின் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் கொப்புளம்.

"அக்கா, வந்துடுச்சா? நல்லதுதானே?" என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால், அண்ணனைச் சாகவிட்டது தான்தான் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"நல்லதுதாம்மா" என்றாள்.

நான் சாப்பாட்டுத் தூக்கை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தாண்டி வாசலுக்கு நடந்தேன்.