பச்சைப் புள்ளி போட்ட மீன் வாடை

கொரோனா ஓய்ந்து ஓராண்டு ஆகியிருக்கும். அப்போது நானும் கணவரும் கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அம்மாவும், பிரசவத்துக்கு வந்திருந்த அவருடைய மகளும். குடி வரும்போதே, அசைவம் சமைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார் அந்த அம்மா. நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள். மீன் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலைக்கு அந்த வீடு பக்கம் என்பதால் தலையாட்டினோம். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தோம். ஒரு கருவாட்டுத் துண்டுகூட அந்த மாடிப்படி ஏறியதில்லை.

என் வேலை கொஞ்சம் வினோதமானது. கடலில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிரைப் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்த்து, அதிலிருந்து ஒமேகா-3 எண்ணெய் எடுக்கிறோம். இதயத்துக்கும் குழந்தையின் மூளைக்கும் நல்லது என்று மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறார்களே, அதே நல்ல கொழுப்புதான். மீனுக்கே அது பெரும்பாலும் இந்த மாதிரி நுண்ணுயிர்களிடமிருந்துதான் போய்ச் சேர்கிறது. நாங்கள் மீனை விட்டுவிட்டு நேரே அதனிடமே போகிறோம். சர்க்கரையும் உப்பும் காற்றும் கொடுத்தால் கொழுகொழுவென்று வளரும். ஒரே தொல்லை, எண்ணெய் எடுக்கும் நாளில் வரும் வாடை. அந்த எண்ணெயில் காற்றுப் பட்டால் அசல் மீன் கவுச்சி அடிக்கும். அங்கேயே குளித்து உடை மாற்றினாலும் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.

அப்படி வந்த ஒரு சாயங்காலம், வீட்டுக்கார அம்மா எனக்குப் பின்னாலேயே மாடி ஏறி வந்தார்.

"தெரு வரைக்கும் மணக்குதே, இன்னிக்கு என்ன மீனு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக்குள் நுழைந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே காலையில் வைத்த வத்தக்குழம்பு.

"எங்கயோ ஒளிச்சுட்டீங்க. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கணவர் என் கையைப் பிடித்து, "பேசாம இரு, இன்னொரு வீடு லேசுல கெடைக்காது" என்று முணுமுணுத்தார். அதுவும் உண்மைதான். அந்த வீட்டுக்கே நாயாய் அலைந்திருந்தோம். அதனால் கோபத்தை விழுங்கிவிட்டு, தொட்டி, நுண்ணுயிர், எண்ணெய் என்று விளக்கம் சொன்னேன். அந்த அம்மா நம்பவே இல்லை.

சத்தம் கேட்டு மகள் மேலே வந்தாள். டாக்டர் ஒமேகா-3 மாத்திரை எழுதிக் கொடுத்தபோது, மீன் கலக்காதது கிடைக்குமா என்று என்னிடம்தான் கேட்டிருந்தாள். நான் சொல்லி அவள் வாங்கிய அந்த மாத்திரையை எடுத்து வரச் சொன்னேன். ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, எண்ணெயை அந்த அம்மாவின் உள்ளங்கையில் விட்டு, தேய்த்து மோந்து பார்க்கச் சொன்னேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "அய்யய்யோ, மீனையா இத்தனை நாளா முழுங்கினே?" என்று மகளைப் பார்த்து அலறினார்.

"இல்லம்மா, பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாரு. சுத்த சைவம். அக்கா கம்பெனியில இந்த மாதிரி எண்ணெய்தான் எடுக்கறாங்க" என்று டப்பாவை நீட்டினாள் மகள்.

அந்த அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பளிச்சென்று சிரித்தார்.

"அப்ப இது சைவ வாடைதானே! மொதல்லயே வெவரமா சொல்லக் கூடாதா? நீங்க பாட்டுக்கு இருங்க, காலியெல்லாம் வேணாம்."

கணவர் அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். எனக்கோ அப்போதுதான் சுருக்கென்றது. அதே தலைமுடி, அதே வாடை. புள்ளி பச்சை என்றதும் நான் நல்லவளாகிவிட்டேன். என் அம்மா மீன் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அவர் சேலையிலும் இந்த வாடைதான் அடிக்கும்.

"இது சைவ வாடைன்னா, எங்கம்மா மேல அடிக்கிறது என்ன வாடைங்க? அவங்க வந்தா இந்தப் படி ஏறலாமா?" என்று கேட்டேன். அவர் டப்பாவை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். "நீங்க சொன்னபடியே மாசக் கடைசியில காலி பண்ணிடறோம். அதுவரைக்கும் எங்க சட்டியைத் தொறந்து பாக்காதீங்க."

கணவர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வீடு தேட என்னோடு வந்தார். போன இடத்திலெல்லாம் அவர்கள் கேட்பதற்கு முன்பே, "மீன் சமைப்போம், சம்மதம்னா வீட்டைக் காட்டுங்க" என்றேன். பல கதவுகள் அங்கேயே சாத்தப்பட்டன. கடைசியில் சென்னீர்குப்பத்தில் ஒரு வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, மீன் துன்றதுக்கெல்லாம் பர்மிஷன் கேட்டுகினு கீற? வஞ்சிரம் வாங்கினா எனக்கும் ரெண்டு துண்டு குடு, அவ்ளோதான்."

வேலைக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. போகட்டும். அந்த வீட்டை விட்டு வந்ததற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. கத்தரிக்கோலும் கையுமாக நின்று, நான் சுத்தமானவள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேனே, அந்த நிமிடங்களை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது. இனி எவர் வீட்டு வாசலிலும் அந்த நிரூபணத்துக்கு நான் நிற்கப் போவதில்லை.