சீட்டைப் போட்டுட்டுப் போ

மைத்துனன் வேலையை விட்டுப் போன வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் திரை உறைந்தது. சீட்டுக்காரர் தன் அலுவலகத்தில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவன் எழுதிவிட்டுப் போன நிரலைப் பல்லைக் கடித்தபடி துழாவிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஆபரேட்டர் அம்மா: "வண்டி எங்க நிக்குதுன்னே தெரியல தம்பி! நான் என்ன ஜோசியமா பாக்கிறது?"

அவர் சீட்டாடுபவர் அல்ல, மென்பொருள் எழுதுபவர். "ப்ரோகிராம்ல ஸ்க்ரீனைத் தொடுறவன் ஒருத்தன்தான் இருக்கணும். பின்னால ஓடுற மத்த வேலையெல்லாம் சேதியைச் சீட்டுல எழுதி வரிசையில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்." நாள் முழுதும் இதையே ஓதியதில் வந்த பெயர். வீட்டிலும் இதே பாட்டுதான். அடுப்படியில் இன்னொருவர் கை வைத்தால், "ஒரு சட்டிக்கு ஒரு கரண்டி!" என்று கத்துவார். அவர் கரண்டி பிடித்து யாரும் பார்த்ததில்லை.

மைத்துனனோ அவசரக் குடுக்கை. வண்டிகளின் இருப்பிடத்தைச் சேகரிக்கும் வேலையையே நேராகத் திரையிலும் எழுத விட்டிருந்தான். சாயங்காலம் போனில் பிடித்துக் கேட்டார்.

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுச்சு அத்தான்?"

"உன் மெஷின்ல ரெண்டு வண்டி. அங்க ஊரே ஓடுதுடா, மடையா!"

அவன் போனை வைத்துவிட்டான்.

திரையை அன்றே சரிசெய்துவிட்டார். பேச்சுதான் உறைந்துபோனது. "சின்னவன்தானே, அவனே கூப்பிடட்டும்" என்று இவர். "திட்டினது அவரு, அவரே கூப்பிடட்டும்" என்று அவன். நடுவில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்: "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா?"

மாதங்கள் ஓடின. அலுவலகத்தில் ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவும்போது போன் அதிர்ந்தது. மைத்துனனிடமிருந்து செய்தி:

"அத்தான், புது ஆபீஸ்ல ஸ்க்ரீன் உறைஞ்சுபோச்சு. சத்தியமா தொட்டது ஒருத்தன்தான். ஆனா சீட்டைப் போட்ட வேலை, பதில் வரட்டும்னு அங்கேயே நிக்குது. ஸ்க்ரீன்காரன் அந்த வேலை முடியட்டும்னு நிக்கிறான். என்ன பண்றது?"

"ரெண்டு பேரும் வீம்பா நின்னா எப்படிடா நகரும்?" என்று தட்டினார். அழித்தார். "சீட்டைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. பதிலுக்கு நிக்காதே" என்று தட்டி அனுப்பினார்.

அனுப்பிவிட்டு, திறந்த குழாயை மூடாமல், போனையே பார்த்தபடி நின்றார். கைகழுவ வந்தவர்கள் பின்னால் வரிசைகட்டி, எச்சில் கையோடு தொண்டையைக் கனைத்தார்கள். அவர் நகரவில்லை.